யானை காட்டிய வழி

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெரு கடுகண்ணாவைக் கணவாயை அடையுமிடத்திலே, பாறையைக் குடைந்தமைத்த வாயில் ஒன்றுண்டு. இக்காலத்துப் பேருந்துகள் அதனுள் நுழைவதில்லை; அருகே வெட்டிய அகன்ற வழியால் விலகிச் சென்றுவிடுகின்றன. இரண்டாண்டுகளுக்கு முன் எம் மாணாக்கர் சிலரை மலைநாட்டு நடைப்பயணத்துக்கு அழைத்துச் சென்றபோது, அவ்வாயிலின் நிழலிலே சிறிது இளைப்பாறினோம். இவ்வழியை அமைத்தவர் யார் என்று ஒரு மாணாக்கன் வினவினான். தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் என்று, இருபது ஆண்டுகளாக வகுப்பிலே சொல்லிவரும் விடையையே அவனுக்கும் சொன்னேன். தேசாதிபதி தம் கையால் மண்வெட்டி பிடித்தாரோ என்று அவன் மீண்டும் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். யானும் சிரித்தேன், ஆனால் என் சிரிப்பு விடை தெரியாதவன் சிரிப்பு. அன்றைய கடனைத் தீர்க்கும் பொருட்டு எழுதுவதே இக்கட்டுரை.

அவ்வழியின் ஒரு பகுதிக்கு மண்வெட்டிகளை ஏவி நின்றவன் பதினாறு வயது நிரம்பிய ஓர் இளைஞன். தோமஸ் ஸ்கின்னர் என்பது அவன் பெயர். பிற்காலத்தில் மேஜர் ஸ்கின்னர் என்று இலங்கை முழுவதும் அறியப்பட்டவன் அவனே. வரலாற்று நூல்களிலே பெயரளவில் நிற்கும் அவன் வாழ்வை நோக்குமுன், அவன் வந்த காலத்து மலைநாட்டு வழிகள் எத்தகையன என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

கண்டியரசர் வழியமைக்க அறியாதவரல்லர், வழியமைக்க வேண்டாதவர். அவர் நாட்டுக்கு மதில் காடு. அகழி மகாவலி கங்கை. ஒருவர் பின் ஒருவராக நடக்கத்தக்க ஒற்றையடிப் பாதைகளே அங்கு உண்டு. அவற்றிலும் கடவத்தை என்னும் முட்கதவுகளைத் தொங்கவிட்டு, காவலரை நிறுத்தி, வருவாரையும் போவாரையும் ஆராய்ந்தனர். பீரங்கி வண்டி ஏறாத நாடு பகைவர் ஏறாத நாடு என்பது அவர் அரசியல். அது வெறுங் கனவன்று. 1594இல் தந்துறையிலும், 1630இல் ரந்தெனிவெலையிலும், 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயர் படைகள் அழிந்தமைக்கு வாள் எத்துணைக் காரணமோ, வழியின்மையும் அத்துணைக் காரணம். 1803இல் கண்டி புகுந்த ஆங்கிலப் படையும் அவ்வாறே அழிந்தது. மலையைத் துளைத்து வழி வகுப்பவனுக்கன்றி வேறெவனுக்கும் கண்டி பணியாது என்றொரு நம்பிக்கை அம்மக்களிடையே நிலவியதாகக் கூறுவர். 1815இல் உள்நாட்டுப் பிளவினாலே அரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த பெருங்கிளர்ச்சி, வழியில்லாத நாட்டை வென்றாலும் ஆளுதல் அரிது என்பதை அவர்க்கு உணர்த்திற்று. வழி வேண்டும் என்ற எண்ணம் கருணையிற் பிறந்ததன்று, அச்சத்திற் பிறந்தது. இதனை மறவாது வைத்துக்கொண்டே ஸ்கின்னரின் வாழ்வை வாசித்தல் வேண்டும்.

அவன் 1804ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள், வட அமெரிக்கக் கரையைச் சார்ந்த நியூபவுண்லாந்துத் தீவிலே, சென் ஜோன்ஸ் நகரிற் பிறந்தான். பனியும் கடலும் சூழ்ந்த நிலம் அது. தந்தை பீரங்கிப் படையதிகாரி. இங்கிலாந்திலே உறவினர் பொறுப்பிற் சிறிது காலம் பயின்றான். பதினான்கு வயதளவிலே பள்ளிப் படிப்பு முடிந்தது. முடிந்தது என்பதினும் அறுந்தது என்பதே பொருந்தும். தந்தை திருகோணமலையிற் பணியாற்றினமையால், கப்பலேறி 1818இல் இலங்கை வந்தடைந்தான். 1819இல், பதினைந்து வயதும் நிரம்பாதவனாய், இலங்கைத் துப்பாக்கிப் படையிலே இரண்டாம் லெப்டினன்றாகச் சேர்க்கப்பட்டான். அவன் அளவுக்கு ஏற்ற படையுடையும் அப்போது இல்லை என்பர். எம் கல்லூரியிற் பிரவேச வகுப்பிலே செய்யுளைப் பிழையறப் பதம்பிரிக்க இடர்ப்படும் பிள்ளைகளின் வயது அது.

1820இல், பதில் தேசாதிபதியாக இருந்த பாண்ஸ், கண்டிப் பெருந்தெருவின் கடுகண்ணாவைப் பக்கத்துப் பகுதியொன்றை அமைக்கும் பொறுப்பை இவ்விளைஞனிடம் ஒப்புவித்தார். கையிலே கொடுத்த படை, கண்டிக் கிராமத்தவர் இருநூறு பேர். அவர்கள் தெரு வேலை அறியாதவர். அவர்களை ஏவவந்தவனும் அறியாதவன். தெரு அமைப்பதைக் கண்ணாற் கண்டதுமில்லை. ஆயினும் வேலை நடந்தது. மலைச்சரிவை எவ்விடத்து வெட்டுவது, வெட்டிய மண்ணை எவ்விடத்து இடுவது, மழைநீரை எவ்வழியால் வடிப்பது என்பவற்றையெல்லாம் அவன் பிழைசெய்து பிழைசெய்தே கற்றான்.

அவ்விருநூறு பேரும் கூலிக்கு வந்தவரல்லர். இராசகாரியம் என்னும் பழைய முறைப்படி, நிலம் உடைமைக்கு ஈடாக அரசனுக்குச் செய்யவேண்டிய உழைப்பை ஆங்கில அரசு தனக்கு ஆக்கிக்கொண்டது. எந்த வழியில்லாமையைத் தம் முன்னோர் காவலாகக் கொண்டனரோ, அந்தக் காவலைத் தம் கையாலேயே, ஊதியமுமின்றி, உடைக்கும்படி அம்மக்கள் ஏவப்பட்டனர். கோல்புறூக்கு ஆணையினரின் பரிந்துரையின்படி 1832, 1833ஆம் ஆண்டளவில் இராசகாரியம் நீக்கப்பட்டது. அதற்குள் கண்டித்தெரு பெரும்பாலும் முடிந்துவிட்டது. கணவாயின் உச்சியிலே நிற்கும் வெண்ணிறக் கோபுரம், அத்தெருவை வகுத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்டது. அவர் 1829இல் இறந்தார். மண் சுமந்தவருக்குக் கோபுரமில்லை. 1832இலேயே அத்தெருவிற் குதிரை வண்டியஞ்சல் ஓடத்தொடங்கிற்று. 1833இலே பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தால், ஆணியும் தாழுமின்றி, ஏறத்தாழ 205 அடி அகல ஒற்றை வளைவுப் பாலம் எழுந்தது. அப்பாலம் இன்றில்லை, 1905இற் கழற்றப்பட்டது.

தெருவோடு நின்றிருந்தால் ஸ்கின்னரைப்பற்றி எழுத யான் முயன்றிரேன். அவனை என் உள்ளத்தில் நிறுத்தியது அவன் நடை. படைத்தலைமை அலுவலகத்திலே சேர்ந்தபின், மலைநாட்டை அளந்து படம் வரையும் பணி அவனுக்கு வாய்த்தது. தியோடலைற்று என்னும் கோணமளக்குங் கருவியைக் கையாளும் முறையைத் தானே முயன்று கற்றான். ஒரு மலையுச்சியில் நின்று மற்றிரண்டு உச்சிகளை நோக்கி, முக்கோணம் முக்கோணமாக நாட்டைப் பிணைத்து அளப்பது அம்முறை. ஆகவே ஒவ்வோர் உச்சியிலும் ஏறுதல் வேண்டும். ஏறுதற்கு வழி? மரமும் கொடியும் நெருங்கிய அம்மலைக்காட்டிலே ஒரு நாள் முழுதும் வெட்டினாலும் சிறு தொலைவே நகரலாம். அட்டையும் மழையும் மூடுபனியும் வேறு.

வழி இருந்தது. அதை அமைத்தது யானை.

அவன் ஏறிய மலைத்தொடர்களிலெல்லாம் யானைத் தடங்கள் முதுகெலும்புபோல முகட்டின்மீது ஓடின. ஒரு தொடரிலிருந்து மற்றொரு தொடருக்குச் செல்லவேண்டுமாயின், அவை எல்லாவற்றுள்ளும் தாழ்ந்த கழுத்தைத் தேர்ந்து இறங்கின. ஆற்றைக் கடக்குமிடத்து ஆழங்குறைந்த துறையையே நாடின. உயர்ந்த குன்றில் ஏறும்போது நேரே ஏறாது, சரிவை அளந்தாற்போல வளைந்து வளைந்து ஏறின. ஓர் எந்திரி பல நாள் அளந்து கண்டுபிடிக்கும் கோட்டை, அளவாத யானை முன்பே மிதித்து வைத்திருந்தது. காரணம் ஆராய்ந்தால் வியப்பு நீங்கிவிடும், நீங்கினாலும் குறையாது. ஆயிரக்கணக்கான இறாத்தல் எடையுடைய விலங்கு செங்குத்தான சரிவிலே சறுக்கினால் பிழைத்தெழுதல் அரிது. ஒவ்வோர் அடியும் ஏறுதற்கு அது செலவிடும் வலி பெரிது. முகட்டிலே நீர் தேங்காது, மண் உறுதி, காட்சியும் காற்றும் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். தலைமுறை தலைமுறையாகத் தாய் நடந்த தடத்திலே கன்று நடந்ததனால் தடம் செப்பமாயிற்று. ஸ்கின்னர் அத்தடங்களைப் பற்றி ஏறினான். உச்சியை அடைந்தான். அளந்தான். கண்டி மாகாணங்களின் படம் உருவாயிற்று. முன்னர் இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற், 1859இல் வெளியிட்ட தம் பெருநூலிலே, யானையின் இவ்வறிவுக்கு ஸ்கின்னரையே சான்றாகக் காட்டுகின்றார்.

இவ்விடத்திலே ஒரு தமிழாசிரியன் மலைபடுகடாத்தை நினையாதிருத்தல் இயலாது. பெருங்கௌசிகனார் நன்னனிடம் ஆற்றுப்படுத்தும் அப்பாட்டு, உண்மையில் ஒரு மலைவழிக் கையேடு. எவ்விடத்திலே வழுக்கும், எவ்விடத்திலே பொறி வைத்திருப்பர், எவ்விடத்திலே இரவில் நடத்தலாகாது, யானையைக் கடியும் கவண்கல் எத்திசையால் வரும் என்பவற்றையெல்லாம் கூத்தர்க்கு எடுத்தோதுகிறது. மலையிலே எழும் ஓசைகளை யானையின் மதத்தோடு உவமித்து அதன் பெயரும் பிறந்தது. மலையையும் வழியையும் யானையையும் பிரித்து நினையாத ஒரு மரபு நமக்கு இருந்தது. அதனை வகுப்பறையிலே பொருள்கோள் அளவில் நிறுத்திவிட்டோம். இது என் தொழில்மீது யான் கொண்ட குறை, நிற்க.

ஸ்கின்னர் கண்ட காட்சிகளுள் ஒன்றை டெனன்றின் நூல் காத்து வைத்திருக்கிறது. அது மலையில் நிகழ்ந்ததன்று. வடபுலத்து நுவரகலாவியக் காட்டிலே, கடுங்கோடையிலே, வற்றி ஒடுங்கிய ஒரு குளத்தருகே நிகழ்ந்தது. நிலவு பகல்போல எறித்த இரவு. ஸ்கின்னர் நீர்மேற் சாய்ந்த ஒரு பெருமரத்திலே ஏறியிருந்தான். காட்டினுள்ளே பெருங்கூட்டம் நிற்கின்றது என்று அறிவான். ஆயினும் இரண்டு மணிநேரம் ஓர் ஒலியுமில்லை. பின்பு மிகப் பெரியதோர் யானை தனியே வெளிப்பட்டது. சில அடி வைத்து நின்று செவிகொடுத்தது. மீண்டும் நடந்து நின்றது. நீர்க்கரையை அடைந்தும் நீரைத் தொடவில்லை. திரும்பிச் சென்று ஐந்து யானைகளை அழைத்துவந்து காவலாக நிறுத்தியது. மீண்டும் காட்டினுட் புகுந்து முழுக்கூட்டத்தையும் கொணர்ந்தது. எண்பதும் நூறுமாகக் கூடிய யானைகள் ஓசையின்றி வந்தன. காவல் யானைகளோடு ஒருமுறை கலந்த பின்னரே தலைவன் உத்தரவு கொடுத்தாற்போல எல்லாம் நீரிலே பாய்ந்தன. அவை நீராடி மகிழ்ந்ததை நெடுநேரம் கண்டிருந்த ஸ்கின்னர், இறுதியில் ஒரு சிறு சுள்ளியை ஒடித்தான். அக்கணமே கூட்டம் முழுவதும் கன்றுகளை நடுவே வைத்துக்கொண்டு காட்டினுள் மறைந்தது.

இதனை வகுப்பிலே சொல்லியபோது மாணாக்கர் மூச்சடங்கிக் கேட்டனர். அடுத்துச் சொல்லவேண்டியதைச் சொல்ல எனக்கு நாவெழவில்லை; ஆயினும் சொன்னேன். அதே டெனன்றின் நூல் வேறோரிடத்திலே யானை வேட்டைக்காரரை எண்ணுகிறது. பதுளையிலிருந்த மேஜர் றொஜர்ஸ் கொன்றவை 1400இற்கு மேல். கப்டன் கால்வே என்பார் அதிற் பாதிக்கு மேல். மேஜர் ஸ்கின்னர் ஏறத்தாழ அவரளவு. அஃதாவது எழுநூற்றை அணுகும் ஒரு தொகை. வழிகாட்டியவற்றை, காவல் நின்றவற்றை, கன்றை நடுவே வைத்துக்கொண்டு ஓடியவற்றை அவன் சுட்டான்.

அக்காலத்து வழக்கம் அது என்பர். உண்மையே. யானையைக் கொன்றார்க்கு அரசே பரிசு கொடுத்த காலமும் உண்டு. வயலழிக்கும் விலங்கென உழவரும் அஞ்சினர். ஆயினும் றொஜர்ஸின் செயல் என்னை வருத்துமளவினும் ஸ்கின்னரின் செயல் மிகுதியாக வருத்துகின்றது. றொஜர்ஸ் யானையை இலக்காகக் கண்டார். ஸ்கின்னர் அதன் அறிவைக் கண்டவன்; உலகுக்கு எடுத்துச் சொன்னவன். கண்டும் சுட்டவனை யாதென்று சொல்வது? ஆசிரியன் என்ற முறையில் எனக்கு விடை தெரியவில்லை. மாணாக்கருள் ஒருத்தி, அவன் கற்றது யானையிடமிருந்து, யானையைப்பற்றி அன்று என்றாள். அவள் சொல்லிலே கூர்மை உண்டு. முழுவதும் ஒப்புதற்கு என் மனம் இசையவில்லை.

1840ஆம் ஆண்டளவில் சிவனொளிபாதமலையின் உச்சியில் நின்று, கீழே எல்லையின்றிப் பரந்த பெருங்காட்டைப் பார்த்தான். 7359 அடி உயரத்து அவ்வுச்சியிலே, சைவரும் பௌத்தரும் இசுலாமியரும் தத்தம் நம்பிக்கைப்படி பாதச்சுவடு கண்டு வணங்குவர். அவன் கண்டது வேறு. அந்தக் காடு ஒருகாலத்தில் இலங்கையின் தோட்டமாகும் என்று எழுதினான். அவன் எழுதியவாறே ஆயிற்று. திம்புளையிலும் டிக்கோயாவிலும் காடு விழுந்தது, கோப்பி எழுந்தது, கோப்பி பட்டபின் தேயிலை பரந்தது.

1841இல் அவன் தெருக்களின் ஆணையாளனானான். அவன் கீழ் உழைத்த பயனியர் படையினருட் பெரும்பாலார் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழர். கடுகண்ணாவைக்குப் பின் எழுந்த மலைத்தெருக்கள் பலவற்றிலே வெடிவைத்ததும் கல்லுடைத்ததும் அவர் கைகளே. அக்காலத்திலேயே கோப்பித் தோட்டங்களை நாடி, இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சை முதலிய பகுதிகளிலிருந்து கடல்கடந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட வன்னிக்காட்டை நடந்தே கடந்து மாத்தளையை அடைந்தனர். நீரின்மையாலும் காய்ச்சலாலும் பேதியாலும் அவ்வழியில் மாண்டோர் தொகையை எவரும் சரிவர எண்ணவில்லை. காட்சி காண நடந்தவருக்குப் படமும் கருவியும் இருந்தன; பிழைக்க நடந்தவருக்கு முன்னே நடந்தவன் முதுகே படம்.

1848இலே தெருக் கட்டளைச்சட்டம் வந்தது. வயதுவந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும். இயலாதவர் பணமிறுத்தல் வேண்டும். இராசகாரியம் வேறு பெயரில் மீண்டது என்று மக்கள் கருதியதில் வியப்பில்லை. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்குப் பல வரிகள் காரணம். அவற்றுள் இதுவும் ஒன்று. தெருத்துறைத் தலைவன் ஸ்கின்னரே.

ஆனால் மறு ஆண்டிலே அவன் செய்ததொன்றையும் நடுநிலையோடு கூறுதல் வேண்டும். 1849இல், இலங்கை நிலையை ஆராய்ந்த பாராளுமன்றக் குழுவுக்கு அவன் ஓர் அறிக்கை கொடுத்தான். கண்டித் தலைவர்களை அரசு புறக்கணித்தது தவறு என்றும், கள்ளையும் சாராயத்தையும் முன்பு அறியாத ஊர்களில் வருவாய்க்காகத் தவறணைகளைத் திறந்து ஒழுக்கத்தைக் குலைத்தது தவறு என்றும் தன் அரசின்மீதே குற்றஞ் சாட்டினான். தவறணை ஊருக்குள் வந்தது அவன் அமைத்த தெருவழியே அன்றோ என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆயினும் பதவியிலிருந்துகொண்டே உண்மை பேசுவோர் எக்காலத்திலும் சிலரே.

1867இல் அவன் இலங்கையை விட்டு நீங்கினான். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. வந்தபோது மலைநாட்டிலே வண்டித்தெரு என்பதே இல்லை. சென்றபோது தீவு முழுவதும் ஏறத்தாழ 3000 மைல் தெரு இருந்தது. அவ்வாண்டிலேயே கண்டிக்குப் புகைவண்டி வந்தது. அவ்வாண்டிலேயே ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிலே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1877ஆம் ஆண்டு யூலை 24ஆம் நாள் இங்கிலாந்தின் பாத் நகரிலே ஸ்கின்னர் இறந்தான். தன் வாழ்வைப்பற்றி அவன் எழுதிவைத்ததை, மகள் 1891இல் நூலாக வெளியிட்டாள்.

இன்று மலைநாட்டிலே நடப்பதற்கென்றே உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். கண்டிக்கு அணித்தான ஹந்தானையிலே தொடங்கி, கலகா, லூல்கந்துரை, அப்புத்தளை, எல்ல முதலிய ஊர்களின் வழியே சுற்றி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைவழி 2023இல் திறந்துவைக்கப்பட்டது. முந்நூறு கிலோமீற்றருக்குச் சிறிது மேற்பட்ட அதனை 22 பகுதிகளாக வகுத்துள்ளனர். அதிலே பெரும்பகுதி புதிதாக வெட்டியதன்று. கோப்பிக் காலத்தும் தேயிலைக் காலத்தும் தொழிலாளர் மிதித்த பழைய தோட்டப் பாதைகளே. ஓட்டன் சமவெளியிலே மரையைக் காணலாம், யானை இல்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின் மழையால் மலைநாட்டுத் தெருக்கள் பலவிடங்களிற் சரிந்தன. உயிர்களும் மிகுதியாக மாண்டன. முகட்டை விட்டுச் சரிவை அறுத்துச் சென்ற வழிகளை எண்ணி அந்நாட்களில் யான் துயிலாதிருந்தேன்.

இவ்வாண்டு அவ்வினாவை மீண்டும் வகுப்பிலே கொடுத்தேன். ஒருவன் பாண்ஸ் என்று எழுதினான். பலர் ஸ்கின்னர் என்றனர். பின்வரிசையிலிருந்த ஒரு பையன் யானை என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தான். மூன்று விடைக்கும் புள்ளி இட்டேன். பயனியர் என்று எவரும் எழுதவில்லை. யான் அவர்களைப்பற்றிப் போதிய அளவு சொல்லாத குறையே அது. வருகின்ற பருவத்திலே பாலாபத்தலை வழியாகச் சிவனொளிபாதம் ஏறக் கருதியுள்ளோம். அது நெடிய வழி. அட்டை மிகுந்த வழி. மாணாக்கரிடம் உப்புப் பொட்டலம் கொண்டுவரும்படி இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.